கருப்பு பீரும் முதல் தண்ணீரும்

ஜெயசுதா வாயை இரண்டு முறை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டுத்தான் கிளாசைத் தொடுகிறாள். தொட்டதும் குடிப்பதில்லை. இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துக் கொஞ்ச நேரம் சூடேற்றுகிறாள். ஜில்லென்று இருந்தால் கருப்பு பீர் வாயே திறக்காதாம். பிறகு மூன்று குட்டி மூச்சு. ஒரு வாய். கண்ணை மூடி, நாக்கின்மேல் உருட்டி, விழுங்கி, மூக்கு வழியாக மூச்சை விடுகிறாள். மேலுதட்டில் பழுப்பு நுரை மீசையாக ஒட்டியிருக்கிறது.

"மொதல்ல கருகின வெல்லம். அப்பறம் காபி. கடைசியா கசப்பு, அது போவாம நின்னுக்கினு இருக்கணும். இது நிக்குது" என்கிறாள். குறிப்பெழுதி முடித்ததும் இன்னொரு வாய் குடிக்கிறாள். அது வேலைக்காக அல்ல.

புதுச்சேரிப் பக்கம் ஒரு பீர் ஆலையில் ருசி பார்ப்பது அவள் உத்தியோகம். வீட்டாரை ஆலைக்கு அழைத்திருந்த ஒரு நாளில், அண்ணன் சின்னதுரை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று இதையெல்லாம் பார்த்தான். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன், எட்டாவதோடு நின்றவன்.

"இம்மாத்தையும் முழுங்கறியே, துப்பிட மாட்டியா?" என்று கேட்டான்.

"ஒயின் பாக்கறவங்கதாண்ணா துப்புவாங்க. பீரை முழுங்கணும். கசப்பு தொண்டையிலதான் தெரியும். நான் ஒருநாளும் துப்புனதில்ல."

சின்ன வயதில், வெல்லம் காய்ச்சுகிற கொப்பரையில் அடிப்பிடித்ததைச் சுரண்டி அவளுக்குத் தின்னக் கொடுத்தவனே சின்னதுரைதான். "எந்தங்கச்சி நாக்கு சொன்னாத்தான் அங்க சரக்கு வெளிய வரும்" என்று, எடைக்குக் காத்திருக்கும் மற்ற டிரைவர்களிடம் பீற்றிக்கொள்வான். என்ன கம்பெனி என்று கேட்டால் மட்டும், "சத்துமாவு கம்பெனி" என்பான். அவர்களுடைய அப்பா பாக்கெட் சாராயத்தில் செத்தவர்.

இந்த வேலைக்காக ஜெயசுதா மல்லிகையை விட்டாள், பவுடரை விட்டாள், காலையில் காரம் சாப்பிடுவதை விட்டாள். ஒரு வாசனை இன்னொன்றைத் தின்றுவிடும் என்பாள். ஊருக்கு வரும்போதெல்லாம் அவளுடைய வெறுந்தலையைப் பார்த்து, "வூட்டுக்காரரு நல்லா கீறாரா?" என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை.

சென்ற தையில் சின்னதுரையின் மகள் பாரதிக்கு மஞ்சள் நீராட்டு. முதல் தண்ணீர் அத்தை ஊற்றுவது அவர்கள் வழக்கம். அதற்காகவே ஜெயசுதா, பூவாசனை மூக்கைவிட்டுப் போகும்வரை சேர்த்து லீவு சொல்லிவிட்டு, தலைநிறைய மல்லிகை வைத்துக்கொண்டு வந்தாள். சொம்பைத் தூக்கினாள்.

"நில்லுடி" என்றாள் ரங்கம்மாள், சின்னதுரையின் மாமியார். "இன்னா மாப்ள, குடிக்கற கையாலயா எம்பேத்திக்கு மொத தண்ணி? சத்துமாவாம் சத்துமாவு! இவ பீர் கிளாசோட நிக்கற போட்டோ எம்போன்லயே கீது."

பந்தலில் யாரோ சிரித்தார்கள். ஜெயசுதா சொம்பை இறக்கவில்லை. அண்ணனைப் பார்த்தாள்.

"நீ வந்து பாத்தியே. அது இன்னா வேலைன்னு நீயே சொல்லுண்ணா."

சின்னதுரைக்கு எல்லாம் தெரியும். கொப்பளித்த வாய், மூன்று மூச்சு, கருகின வெல்லம். அவன் பந்தக்காலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"சொம்பைக் குடுத்துடு சுதா. பெரியவங்க சொல்றாங்க இல்ல."

கொடுத்துவிட்டாள். வேறொருத்தி ஊற்றினாள். பாரதி மட்டும் ஈரத் தலையை நிமிர்த்தி அத்தையைத் தேடினாள்.

கடைசிப் பந்தியில் உட்கார்ந்திருந்தவளுக்குச் சின்னதுரையே வெல்லப் பாயசம் கொண்டுவந்தான்.

"உனுக்குன்னு முந்திரி ஜாஸ்தியா அள்ளியாந்தேன். எப்பிடி கீது, நீ சொன்னாத்தான்."

ஜெயசுதா தலையிலிருந்த பூவை எடுத்து இலையோரம் வைத்தாள். வெறும் தண்ணீரில் இரண்டு முறை கொப்பளித்தாள். பாயச டம்ளரை உள்ளங்கைகளுக்குள் பிடித்தாள். மூன்று குட்டி மூச்சு. ஒரு வாய். கண்ணை மூடி நாக்கின்மேல் உருட்டினாள். அண்ணன் குனிந்தபடி காத்திருந்தான்.

கண்ணைத் திறந்து அவனை ஒருமுறை பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பி, பந்தக்கால் ஓரமாக மண்ணில் துப்பினாள்.