மல்லி ஏற முடியாத வேப்பமரம்

நகவெட்டியின் ‘டக்’ சத்தம் கேட்டாலே எனக்கு வாசல் வேப்பமரம்தான் நினைவுக்கு வருகிறது. புது சோபாவைப் பிறாண்டுகிறதே என்று எங்கள் பூனை மல்லியின் நகங்களை ஒட்ட வெட்டிவிட்டேன். மறுநாள் எங்கள் தெருவிலுள்ள செராமிக் பட்டறையின் நாய் துரத்த, வேப்பமரத்தில் தாவியவள் பிடி கிடைக்காமல் வழுக்கி வழுக்கி விழுந்தாள். பக்கத்து வீட்டு மேரியக்கா ஒரு வாளித் தண்ணீரை நாயின் மேல் வீசியதால்தான் மல்லி பிழைத்தாள்.

“நகத்த வெட்டி வுட்டா, அது எதால மரம் ஏறும் தம்பி?” என்றார் அக்கா.

இப்போது நகத்தைத் தொடுவதில்லை. கயிறு சுற்றிய கட்டையொன்றை சோபா பக்கம் நிறுத்தியிருக்கிறேன், அதைத்தான் பிறாண்டுகிறாள். ஆனால் என் கை நீண்டால் பாதங்களை உள்ளிழுத்துக்கொள்கிறாள்.

நாய் துரத்திய அந்த வாரமே ஹாஸ்டலுக்குக் கிளம்பிய என் மகள் பஸ் படியிலிருந்து சொன்னாள்: “அடுத்த தடவ வர்றப்ப மல்லி இருக்கணும்பா. சோபா இல்லாட்டி நான் தரையில ஒக்காந்துக்குறேன்.”