கோடு ஏறிடுச்சா?

பம்பின் குழாயை எடுத்ததும் அப்பா முதலில் தன் டிரக்குக்குத்தான் கொஞ்சம் பிடிக்கிறார். விமானத்துக்கான கேன்கள் அப்புறம். முன்னால் வந்தவருடைய பெட்ரோல் குழாய்க்குள் தங்கியிருக்கும், அதில் ஆல்கஹால் கலந்திருக்கும், அதை டிரக் குடித்துவிட்டுப் போகட்டும் என்பது அவர் கணக்கு. பிறகு கேன்களைத் தரையில் இறக்கி வைத்து நிரப்புகிறார். நிரப்பி முடித்து விரலை முகர்ந்து பார்க்கிறார்.

"முகர்ந்தா ஒண்ணும் தெரியாதுதான். இருந்தாலும் பாக்கிறவனுக்கு, தெரிஞ்ச ஆளு மாதிரி இருக்கும்ல?"

அப்பா பெயர் லம்பேர்ட் வோண்ட்ரா. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் மக்காச்சோளம் பயிரிட்டவர். இப்போது நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். வீட்டுக்குப் பின்னால் ஒரு புல் ஓடுபாதை, ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் இரண்டு பேர் உட்காரும் பழைய செஸ்னா விமானம். அதன் எஞ்சின் ஈயம் குறைந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டது. இன்று விமான நிலையத்தில் விற்பதில் ஈயம் அதிகம்; அதை ஊற்றினால் பிளக்கில் ஈயம் படிந்து இருமத் தொடங்கும். அதனால் கார் பெட்ரோல். அதற்கு முறையான அனுமதி உண்டு, இறக்கையில் டாங்க் மூடிக்குப் பக்கத்தில் ஸ்டிக்கரே ஒட்டியிருக்கிறது. ஒரே நிபந்தனை, ஆல்கஹால் கூடாது. ரப்பர் குழாய், வாஷர் எல்லாவற்றையும் அது கெடுத்துவிடும்.

அந்த ஆல்கஹாலைக் காய்ச்சுவது மக்காச்சோளத்திலிருந்து. அப்பா காலமெல்லாம் தன் சோளத்தை விற்றது அதைக் காய்ச்சும் ஆலைக்குத்தான்.

"ஊர்ல இருக்கற கார் டாங்க்ல எல்லாம் என் சோளத்தை ஊத்திட்டேன். எனக்கு மட்டும் ஒரு சொட்டு வேணாங்கறேன். எப்பேர்ப்பட்ட யோக்கியன் பாரு!"

சோதிப்பதற்கு ஒரு வெள்ளரி ஊறுகாய் பாட்டில். கோடு வரைக்கும் தண்ணீர், அதன்மேல் பெட்ரோல், மூடிக் குலுக்கி வைத்தால் தண்ணீர் அடியில் இறங்கும். கோட்டிலேயே நின்றால் நல்ல பெட்ரோல். கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால், ஆல்கஹாலும் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள். கோடு போட்டது அம்மா, தன் சிவப்பு நகப்பூச்சால். பார்த்துச் சொல்வதும் அவள்தான். அந்த விமானத்தில் ஒருமுறைகூட ஏறாதவள். சமையலறை ஜன்னலில் பாட்டிலை வைத்துப் பார்த்துவிட்டு "போயிட்டு வா" என்பாள். இல்லாவிட்டால் "ஏறிடுச்சு" என்பாள். ஏறிவிட்டால் அன்று பறப்பதில்லை. பெட்ரோல் புல்வெட்டிக்கு.

அம்மா மார்ச்சில் இறந்தாள். நான் விடுப்பு போட்டு வந்தேன். அப்பாவைப் பார்த்துக்கொள்ள என்று அலுவலகத்தில் சொன்னேன். இரண்டு பேருக்கும் சமைப்பது அவர்தான்.

"கண்ணாடி போட்டாலும் கோடு மங்கலாத்தான் தெரியுது. நீ படிச்சவ, பாரு" என்று பாட்டில் வேலையை என்னிடம் கொடுத்தார். எண்ணெய் மீட்டர்களைச் சரிபார்ப்பது என் தொழில். பொருத்தமான ஆள்தான்.

முதல் சனிக்கிழமை தண்ணீர் கோட்டிலேயே நின்றது. வெளிச்சம் போதாது என்றேன். அடுத்த வாரமும் நின்றது. பாட்டிலில் சோப்பு ஒட்டியிருக்கிறது என்றேன். அதற்கடுத்த வாரம், கோடு மிகவும் தடிமன், மேல் விளிம்பைக் கணக்கில் எடுப்பதா கீழ் விளிம்பையா என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். என் கீழ் வேலை செய்கிறவர் யாராவது இப்படி ஓர் அறிக்கை கொடுத்திருந்தால் அவர் மேசைக்கே திருப்பி எறிந்திருப்பேன். விஷயம் எளிது. எனக்கு மிச்சமிருப்பது ஒரே ஒரு அப்பா. அவரை ஆயிரம் அடி உயரத்துக்கு அனுப்ப மனம் வரவில்லை.

 ஒவ்வொரு முறையும் அவர் புல்வெட்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

பக்கத்துப் பண்ணை மார்வின் குசெரா கசகசா ரொட்டியோடு வந்தவர், ஓடுபாதையைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"என்னய்யா லம்பேர்ட், மொட்டை போட்டுட்டியா? ஒரு முட்டைய இந்தக் கோடியில வெச்சா அந்தக் கோடிக்கு உருண்டுடும் போல!"

"மக இன்ஜினியர்யா. எங்க வீட்டுப் பெட்ரோல் புல்வெட்டிக்கு மட்டும்தான் பாஸாகுது."

"அவ அம்மாவாவது அப்பப்ப விடுவா!"

இருவரும் சிரித்தார்கள். நான் உள்ளே போய், ஏற்கனவே கழுவியிருந்த தட்டை மறுபடி கழுவினேன்.

இந்தச் சனிக்கிழமை குலுக்கி ஜன்னலில் வைத்தேன். நல்ல வெயில். சுத்தமான பாட்டில். புதிதாக மெல்லிய கோடு வேறு நானே போட்டிருந்தேன். எனக்குச் சாக்கு எதுவும் மிச்சமில்லை.

"ஏறிடுச்சா?" என்றார் அப்பா.

"லேசா... மேல இருக்கற மாதிரி..."

"எவ்வளவு?"

"தோராயமாதான் சொல்ல முடியும்."

அவர் கையில் சோப்பைத் தேய்த்தபடியே நின்றார். "உங்கம்மாவும் அளவு சொல்ல மாட்டா. காத்து பலமா அடிக்கிற நாள்ல எல்லாம் கோடு ஏறிடும். எனக்குச் சளி புடிச்சா ஏறிடும். சண்டை போட்ட மறுநாள் மட்டும் பெட்ரோல் அவ்வளவு சுத்தமா இருக்கும்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"கோடு எனக்கு நல்லாவே தெரியும்டி. கண்ணுக்கு என்ன கேடு? போகாதேன்னு சொல்ல அவளுக்கு ஒரு வழி வேணும்ல? வாயைத் திறந்து சொல்ற பழக்கம் எங்க ரெண்டு பேருக்கும் கிடையாது."

"அப்ப, நான் சொன்னதும்..."

"நீ வேணாம்னா வேணாம்தான். இத்தனை வாரமா போனேனா? புல்லுதான் பாவம்."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொட்டகைக் கூரையில், காற்றடிக்கும் திசையைக் காட்டும் காற்றுப்பை அசைவில்லாமல் துவண்டு தொங்கியது. பாட்டிலில் தண்ணீர் கோட்டிலேயே இருந்தது.

"அங்கேயே நிக்குது அப்பா."

"கூடக் குறைய?"

"இல்ல. அங்கேயேதான்."

கேன்களைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பாட்டிலையும் ஏந்திக்கொண்டு பின்னால் போனேன், எதற்கென்று தெரியாமல். ஏணியில் ஏறி, வடிகட்டி பொருத்திய புனலில் நிதானமாக ஊற்றினார். மூடியைத் திருகினார். விரலை முகர்ந்தார். வலது இருக்கையில் எப்போதும் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பது அவருடைய கருவிப் பெட்டி. "என் பொண்டாட்டிக்குப் பதிலா" என்று மார்வினிடம் சொல்வார். அந்த பெல்ட்டை அவிழ்த்தார். பெட்டியை இறக்கி, மொட்டையடித்த புல்லில் வைத்தார். உள்ளங்கையால் இருக்கையின் தூசியைத் தட்டினார். பிறகு கதவைத் திறந்து பிடித்தபடி, என்னைப் பார்க்காமல், காற்றுப்பையையே பார்த்துக்கொண்டு நின்றார்.