நாலேமுக்கால் அடிக் கட்டில்

“ஆறு வயசுப் புள்ளைக்குத் தனி ரூமா? அப்ப நான் வந்தா எங்க படுக்குறது?”

மாமா இதைக் கேட்டபோது எங்கள் வீட்டுச் சுவரின் பூச்சுகூட முழுதாகக் காய்ந்திருக்கவில்லை. புது வீட்டைப் பார்ப்பதற்காக மடுல்சீமையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். அவர் என் அம்மாவின் தம்பி, எனக்குத் தாய்மாமன். எனக்குக் காது குத்தியபோது மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டவர். “இது மகளோட அறை” என்று நான் காட்டியதும் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். முதலில் சிரித்தார். பிறகுதான் இந்தக் கேள்வி.

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் பாதி கேலி, பாதி நிஜம் என்று எனக்குத் தெரியும். வீடு கட்டத் தொடங்கியபோதே அந்த இரண்டாவது அறையை எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் மனதுக்குள் பங்கு போட்டிருந்தார்கள். திருவிழாவுக்கு வருகிறவர்கள், பதுளை ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள், பஸ்ஸைத் தவற விட்டவர்கள் என்று அதற்கு வரிசையாக ஆட்கள் இருந்தார்கள். அந்த வரிசையில் மாமாதான் முதல் ஆள். என் மகளின் பெயர் அதில் இல்லை.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், நான் பிறந்த லயத்து வீட்டு வரிசைக்கு மேலே இருக்கும் சரிவில், ஏழு பேர்ச் காணியில் கட்டிய வீடு அது. இரண்டு அறை, ஒரு ஹால், ஒரு குசினி. நான் வளர்ந்தது லயத்தில் காம்பரா என்னும் ஒரே அறையில். சமையல், படுக்கை, சாமி படம், அரிசி மூட்டை, ஆறு பேர், எல்லாம் அதற்குள். முன்னால் இஸ்தோப்பு என்று ஒரு சிறிய தாழ்வாரம். அந்தக் காம்பராவில் ஒரு கட்டில் இருந்தது. அதில் அப்பா படுப்பார். விருந்தாளி வந்தால் அப்பா கீழே இறங்குவார். அப்பா இறங்கினால் எங்கள் பாய் நகரும். விருந்தாளிகள் கூடினால் பாயே இருக்காது.

பதினாறு வயதில் எழுதிய என் சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய வாரம் உறவில் ஒரு கல்யாணம் வந்தது. எங்கள் காம்பராவில் பதினொரு பேர் தங்கினார்கள். நான் பக்கத்துக் காம்பராக்காரர்களின் இஸ்தோப்பில், அவர்கள் அடுக்கி வைத்திருந்த விறகின் மேல் உட்கார்ந்து படித்தேன். யாரும் என்னை விரட்டவில்லை. வந்தவர்களுக்கு இடம் கொடுப்பது எங்கள் மரியாதை. அந்த மரியாதைக்காக முதலில் எழுந்து நகர்வது எப்போதும் சின்னப் பிள்ளைகள்தான். அதிலும் பொம்பளைப் பிள்ளைகள்.

அப்படி நகர்ந்து நகர்ந்தே படித்துப் பரீட்சையில் தேறினேன். எங்கள் குடும்பத்தில் அந்தப் பரீட்சையை எழுதிய முதல் ஆள் நான். கல்வியியற் கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான்தான். இன்று இந்தத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கே படிப்பிக்கிறேன். என் மகள் நகர வேண்டியதில்லை என்று முடிவு செய்துதான் அந்த அறையைக் கட்டினேன். அந்த முடிவு எவ்வளவு சுலபமாகக் கை நழுவிப் போகும் என்பது கட்டில் வாங்கப் போன அன்றுதான் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை நானும் கணவரும் மகளும் பதுளைக்குப் போனோம். கடைவீதியில் இருக்கும் ஒரு தளபாடக் கடையை, அதைத் தொடங்கியவருக்குப் பிறகு அவருடைய மகன் பார்த்துக்கொள்கிறார். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறையப் பேச்சு.

“யாருக்கு டீச்சர்?”

“மகளுக்கு.”

“புள்ளைக்குன்னு சின்னதா எடுத்து ஏமாந்துறாதீங்க. ரெண்டு வருசத்துல காலு வெளிய வந்துரும். டபுள் கட்டிலே எடுத்துருங்க. ஊருல இருந்து நாலு சனம் வந்தாலும் படுக்கலாம். ஒருக்கா எடுத்தா கல்யாணம் வரைக்கும் காணும்.”

கணவர் தலையாட்டினார். அவர் பசறை பஸ் ஓட்டுகிறவர். எந்த வண்டியைப் பார்த்தாலும் எத்தனை பேர் ஏறலாம் என்றுதான் முதலில் பார்ப்பார். “சொல்றது சரிதானே? எடம் இருக்கு, பெருசாவே போடுவம்” என்றார்.

எனக்கும் சரி என்றே பட்டது. பலா மரம், நல்ல வேலைப்பாடு. “ஏறிப் படுத்துப் பாரு” என்று மகளிடம் சொன்னேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். அவ்வளவு பெரிய கட்டிலில் சுவரோரமாகப் போய், முழங்காலை மடக்கி, ஒரு முழம் இடத்துக்குள் ஒடுங்கிப் படுத்தாள்.

“ஏன் அங்க போய்ப் படுத்திருக்க? நடுவுல வா.”

“இது அம்மாவுக்கு” என்று பக்கத்தில் தட்டினாள். “இது அப்பாவுக்கு. இந்த ஓரம் மடுல்சீமத் தாத்தாவுக்கு. அவரு குறட்ட விடுவாரு, அதுனால தள்ளிப் படுக்கட்டும்.”

கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். “பாருங்க டீச்சர், புள்ளயே கணக்குப் போட்டுருச்சு!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்லூரி விடுதியில் எனக்கென்று ஒரு இரும்புக் கட்டில் தந்தபோது எனக்கு இருபத்தொரு வயது. முதல் மாதம் முழுக்க நானும் இப்படித்தான் சுவரோரமாக ஒதுங்கிப் படுத்தேன். மீதி இடம் யாருக்கு என்று எனக்கே தெரியாது. இருபத்தொரு வயதில் நான் செய்ததை இவள் ஆறு வயதில், கடையில் கிடக்கும் கட்டிலிலேயே செய்கிறாள். அப்போதுதான் விளங்கியது. பெரிய கட்டில் போட்டால் அது வருகிறவர்களின் அறையாகிவிடும். முதல் திருவிழாவுக்கே என் மகள் பாயோடு ஹாலுக்கு வந்துவிடுவாள். அவளை யாரும் விரட்ட மாட்டார்கள். அவளே எழுந்து வருவாள்.

“வேண்டாங்க” என்றேன். கடைக்காரருக்கும் கணவருக்கும் ஒரே சமயத்தில் முகம் மாறியது.

மறுநாள் பசறையில் ஒரு தச்சரிடம் போனேன். நாங்கள் பாஸ் என்று கூப்பிடுவோம். எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உட்காரும் வாங்குகளைச் செய்தவர். காதில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார்.

“கட்டிலா? எத்தன பேரு படுக்க?”

“ஒருத்தர்.”

“ஒருத்தரா? யாரு?”

“மகள். ஆறு வயசு.”

“அப்ப ஆறடிக்கு மூணடி போடுவம்.”

“நாலேமுக்கால் அடி போதும் பாஸ். அகலம் ரெண்டரை.”

பென்சிலைக் காதிலிருந்து எடுத்தவர் எழுதாமல் என்னைப் பார்த்தார். “பெரிய ஆளு படுக்க ஏலாதே, டீச்சர்.”

“ஆமாங்க. அதுக்குத்தான்.”

பென்சில் முனையைப் பலகையில் ஊன்றினார். “புள்ள வளருமே?”

அதற்கும் யோசித்து வைத்திருந்தேன். “பக்கச் சட்டத்த போல்ட்டு போட்டு இறுக்கிக் குடுங்க. வளந்ததும் சட்டத்த மட்டும் நீளமா மாத்திக்கலாம். உயரம் முக்கால் அடி. உக்காந்தா காலு தரையில படணும்.”

“அவ்வளவு பதிவா போட்டா கீழ பொட்டி வைக்க ஏலாது. அரிசி மூட்டைய எங்க வைப்பீங்க?”

“குசினியில.”

“பெரிய வீட்டுக்காரங்கதான்” என்று சிரித்துக்கொண்டே எழுதினார். அந்தக் கிண்டலில் எனக்கு உள்ளூரப் பெருமைதான். கட்டிலுக்குக் கீழே எதுவும் இல்லாத ஒரு வீடு என் அம்மா பார்த்ததில்லை, அவருடைய அம்மாவும் பார்த்ததில்லை.

இரண்டு வாரத்தில் கட்டில் துண்டு துண்டாக ஆட்டோவில் வந்தது. எங்கள் பாதையில் லொறி ஏறச் சங்கடப்படும். சின்னக் கட்டிலுக்கு அதுவும் ஒரு வசதி. கணவர் போல்ட்டுகளை முறுக்கினார். மேட்டுப்பக்கச் சுவர் எப்போதும் ஈரம் கசியும் என்பதால் ஒரு சாண் தள்ளிப் போட்டோம். லயத்திலிருந்து ஏறி வந்த அம்மா, வடக்கே தலை வைக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார். பிறகு குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். “ஒண்ணுமே வைக்கலயா?” என்றார். என் மகள் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றினாள். எழுந்தாள். மறுபடியும் உட்கார்ந்தாள். அன்று முழுக்க அதுதான் விளையாட்டு.

அவள் முதல் நாளே தனியாகத் தூங்கிவிட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். முதல் வாரம் ஒவ்வொரு நாளும் விடியும்போது எங்கள் இருவருக்கும் நடுவில்தான் கிடந்தாள். மூன்றாவது வாரம் வருவதை நிறுத்தினாள். ஒரு காலை போய்ப் பார்த்தால் கட்டிலின் நடுவில், ஒரு கை இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம் என்று பரந்து கிடந்தாள். கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “அப்புடி என்ன அதிசயம்?” என்றார். அவருக்கு எப்படிச் சொல்வது?

அப்புறம் கோயில் திருவிழா வந்தது. மாமாவும் வந்தார்.

பையோடு நேராக அந்த அறைக்குள் போனார். நானும் பின்னாலேயே போனேன். கட்டிலைக் குனிந்து பார்த்தார்.

“என்ன தாயி இது? இதுல யாரு படுப்பா, பூனையா?”

“தாத்தா, அது என்னோடது” என்றாள் மகள்.

“ஒன்னோடதா? பாப்பம், தாத்தாவ தாங்குதான்னு.” படுத்தே விட்டார். கெண்டைக்காலுக்குக் கீழே இரண்டு காலும் கால்மாட்டுக்கு வெளியே தொங்கின. கை இரண்டு பக்கமும் வெளியே சரிந்தது. மகள் கைதட்டிச் சிரித்தாள். ஹாலிலிருந்து எட்டிப் பார்த்த கணவரும் சிரித்தார். மாமாவும் சிரித்துக்கொண்டேதான் எழுந்தார். எழுந்து பையைத் தூக்கிக் கட்டிலின் மேல் வைத்தார்.

“சரி, புள்ளய ஒங்களோட படுக்க வச்சுக்கங்க. நான் இங்கயே கீழ பாய் போட்டுக்குறேன். கட்டில்ல சாமானத்த வச்சுக்கலாம்.”

நான் எதிர்பார்க்காதது அது. ஆள் படுக்க முடியாத கட்டிலைச் செய்தேன். அதைப் பை வைக்கும் பலகையாக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மகளைப் பார்த்தேன். சிரிப்பு நின்றிருந்தது. தன் தலையணையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். எங்கள் அறைக்குப் போகத் தயாராகிவிட்டாள்.

நான் பையைக் கட்டிலிலிருந்து எடுத்தேன். “மாமா, ஒங்களுக்கு ஹாலுல மெத்த போட்டுத் தாறேன். இது அவளோட எடம். அவ இங்கதான் படுப்பா.”

தாய்மாமனிடம் அப்படிப் பேசுகிற வழக்கம் எங்களில் இல்லை. கணவர் தொண்டையைச் செருமினார். மாமாவின் முகம் சிவந்தது. பின்னேரம் மடுல்சீமைக்கு பஸ் இருக்கிறது. அவர் கோபித்துக்கொண்டு அதில் ஏறிவிட்டால் நான் அம்மாவின் முகத்தில் விழிக்க முடியாது. எல்லாம் தெரிந்தும் பையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

“டீச்சர் வேல கெடச்சதும் அக்கா மகளுக்கு வாயும் கெடச்சிருச்சு போல” என்றார்.

“வாய் முந்தியே இருந்துச்சு மாமா. நின்னு பேசத்தான் எடம் இல்ல.”

மாமா கையை நீட்டினார். பிறகு என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு ஹாலுக்குப் போனார். “மாப்பிள்ள, அந்த டீவிய அங்குட்டுத் தள்ளுங்க. எனக்குக் காலு நீட்டணும்.”

மகள் தலையணையைத் திரும்பக் கட்டிலில் வைத்தாள்.

காலையில் நான் குசினியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். மாமா முப்பது வருடம் விடியற்காலைப் பெரட்டுக்கு, தோட்டத்தில் பேர் கொடுக்கும் வரிசைக்கு, ஓடிய மனிதர். ஓய்வு பெற்ற பிறகும் வெயிலுக்கு முன்னே எழுந்துவிடுவார். முந்திய நாள் அந்தக் கட்டிலில் படுத்தபோது சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடி விழுந்துவிட்டதாம். அதைத் தேடிக்கொண்டு, பிளேன்டீ கிளாஸும் கையுமாக அறை வாசலுக்குப் போனார். வாசலில் ஒரு சீலையைத்தான் திரையாகக் கட்டியிருந்தோம். அதைத் தள்ளக் கையை நீட்டியவர், இழுத்துக்கொண்டார்.

“பாப்பா, தாத்தா உள்ள வரலாமா?”

“இருங்க தாத்தா, நான் இன்னும் எந்திரிக்கல.”

அவர் நின்றார். துரைமார் கூப்பிட்டாலும் கங்காணி கூப்பிட்டாலும் நின்று பழகியவர்தான். ஆறு வயதுப் பெண்பிள்ளையின் வாசலில் அவர் நின்று நான் பார்த்தது அன்றுதான். டீயை ஒரு வாய் குடித்தார். நான் குசினியிலிருந்து பார்ப்பது அவருக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை. ரொட்டி கருகும் வாசனை வந்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

“இப்ப வாங்க” என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது.

கண்ணாடியோடு வந்தவர் குசினி வாசலில் நின்றார். “ஏன் தாயி, சீலையில எப்புடித் தட்டுறது? தொண்ட கிழியக் கத்த வேண்டியிருக்கு. ரூமு கட்டுன ஆளுக்குக் கதவு போடணும்னு தெரியாதா?”

அடுத்த சனிக்கிழமையே பசறைக்குப் போனேன். “அதுக்குள்ள காலு வெளிய வந்துருச்சா?” என்றார் பாஸ். கதவு என்றேன். வாசல் அளவு எழுதிய துண்டைக் கொடுத்தேன். கைப்பிடிக்கு அவர் வழக்கமான உயரத்தில் கோடு போடப் போனார். தடுத்து, இரண்டேகால் அடியில் போடச் சொன்னேன். பெரியவர்கள் கொஞ்சம் குனியட்டும். கதவுக்குப் பலகை அறுத்தாகிவிட்டது.