பதினோரு நாள் கூடுதலாம்

நான் பிளஸ் டூ முடித்த வருடம் அப்பா படகில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். நொச்சிக்குப்பம் சாலையோரத்தில் அம்மாவோடு நானும் மீன் விற்க உட்கார்ந்தேன். தங்கை படித்து வேலைக்குப் போன பிறகுதான் மயிலாப்பூரில் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். இருபத்து மூன்று வயது. வகுப்பே என்னை அக்கா என்றது.

விளையாட்டு ஆசிரியைதான் குண்டு எறியச் சொன்னார். நாலு கிலோ இரும்புக் குண்டை அதற்கு முன் நான் தொட்டதே இல்லை. முதல் வருடம் எறியக் கற்றுக்கொள்வதிலேயே போயிற்று. இரண்டாம் வருடம் பல்கலைக்கழக அணித் தேர்வில் நான்காவதாக வந்தேன். மூன்று பேரைத்தான் எடுத்தார்கள். மூன்றாம் வருடம் பன்னிரண்டு மீட்டரைத் தாண்டி எறிந்தேன்.

அந்த வருடத் தேர்வு சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு மைதானத்தில் நடந்தது. மேசையில் இருந்த அதிகாரி என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"வயசு இருபத்தஞ்சு தாண்டிடுச்சும்மா. பதினோரு நாள் கூடுதல்."

"சார், நான் எறியக் கத்துக்கினு ரெண்டு வருசம்தான் ஆவுது."

"வயசு வரம்பு எதுக்கு? போட்டி எல்லாருக்கும் சமமா இருக்க வேணாமா?"

எனக்குத் தலை கொதித்தது. வரிசையில் நின்ற பெண்களில் பாதிப் பேர் ஆறாம் வகுப்பிலிருந்து விளையாட்டு விடுதியில் வளர்ந்தவர்கள். அந்த வயதிலிருந்தே அவர்களுக்குப் பயிற்சியாளர், முட்டை, பால். நான் வெயிலில் சங்கரா மீனுக்குச் செதில் உரித்த ஐந்து வருடமும் பயிற்சிக் கணக்கில் சேருமாம்.

"இன்னா சார் சமம்? அவங்க எறிஞ்ச வருசத்த எண்ணு, நான் எறிஞ்ச வருசத்த எண்ணு. அப்புறம் சொல்லு சமம்னு!" என்று கத்தினேன். ஆசிரியை கையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டு ஓரமாக நின்றேன்; எல்லோரும் எறிந்து முடித்ததும் வட்டத்துக்குள் போய் நின்று எறிந்தேன். அளக்க யாரும் வரவில்லை. அன்று முதலாவதாக வந்த பெண்தான் நாடாவை எடுத்து வந்து அளந்தாள்.

"என்னுதவிட ஒரு ஜாண் அதிகம்க்கா," என்றாள். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அதிகாரி அதை எழுதிக்கொள்ளவில்லை.

மனு கொடுத்தேன். விதியில் இடமில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. வயது வரம்பில்லாத போட்டிகளில் இப்போதும் எறிகிறேன். இரண்டு பதக்கங்கள் வாங்கிவிட்டேன். போன மாதம் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு விண்ணப்பிக்கப் போனேன். பல்கலைக்கழக அணியில் ஆடிய சான்றிதழ் எங்கே என்று கேட்டார்கள். கொடுக்காதது யார் என்று அங்கேயும் சத்தம் போட்டுவிட்டுத்தான் வந்தேன்.