ஆர், ஓ, டி

சௌந்திரத்துக்கு இங்கிலீஷ் எழுத்துகள் தெரியும். கூட்டிப் படித்தும் விடுவாள், அர்த்தம்தான் பாதிக்குத் தெரியாது. வெண்ணந்தூரில் பத்தாம் வகுப்பு முடித்ததும் அப்பாவின் விசைத்தறிக் கூடத்துக்கு வந்தவள், கல்யாணத்துக்குப் பிறகு ஆட்டையாம்பட்டி சாலையில் உள்ள ஒரு துண்டு ஏற்றுமதிக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். பதினாறு வருஷத்தில் பதினான்கு பெண்களுக்கு மேஸ்திரியானாள். கணவன் கந்தவேல் ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போடச் சத்தீஸ்கர் பக்கம் போனால் திரும்ப நான்கு மாதம் ஆகும். மகள் நிலா ராசிபுரத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். பேக்கிங் கூடத்தில் தனக்குத் தெரியாதது எதுவும் நடக்காது என்று சௌந்திரம் சொல்வாள். அதைப் பெருமைக்காகச் சொல்வதாக யாரும் நினைத்ததில்லை.

அந்த மாசி மாதம் ஜெர்மனிக்கு நானூறு பெட்டி போக வேண்டியிருந்தது. சிவப்புத் துண்டு நூற்று நாற்பது பெட்டி, வெள்ளை இருநூற்று அறுபது. பெட்டிமேல் ஒட்ட வேண்டிய ஸ்டிக்கர்களை வாங்குகிறவர்களே இரண்டு சுருளாகக் கூரியரில் அனுப்பியிருந்தார்கள். ஒரு சுருளில் ஏதோ புரியாத வார்த்தை. இன்னொன்றில் மூன்றே எழுத்து: ஆர், ஓ, டி. சௌந்திரம் காலையிலேயே ஆளை விட்டு ஒட்டி முடித்துவிட்டாள்.

மதியம் ரமேஷ்குமார் கூடத்துக்கு வந்தான். கோயம்புத்தூரில் படித்துவிட்டு மூன்று மாதம் முன்பு சேர்ந்தவன். வெளிநாட்டுக் கடிதப் போக்குவரத்தெல்லாம் அவன் கையில். சிவப்புப் பெட்டிகளின் வரிசையைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறிவிட்டது. அந்த மூன்று எழுத்தைக் கூட்டினால் 'ராட்', இங்கிலீஷில் அதற்கு அழுகல் என்று அர்த்தம், கெட்டுப்போன சரக்கில் ஒட்டுவதற்காக அனுப்பியதை எடுத்து நல்ல சரக்கில் ஒட்டிவிட்டீர்களே என்றான். வெள்ளைப் பெட்டியில் இருந்தது யாரோ ஜெர்மன்காரரின் பெயர், அது கம்பெனிப் பெயராக இருக்கும், அதையே எல்லாவற்றிலும் ஒட்டியிருக்க வேண்டும் என்பது அவன் கணக்கு. தூத்துக்குடி போகிற கன்டெய்னர் வாசலில் நின்றது. உடனே எல்லாவற்றையும் உரிக்கச் சொன்னான்.

பெண்கள் உரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பசை பிடித்திருந்ததால் ஸ்டிக்கர் கிழிந்து கிழிந்து வந்தது. சௌந்திரம் மட்டும் கையை வைக்கவில்லை. முதலாளி ஜெகதீஸ்வரன் சத்தம் கேட்டு வந்தபோது இருபது பெட்டிக்குமேல் உரித்தாகிவிட்டது. இங்கிலீஷ் தெரியாமல் ஏன் ஒட்டினாய் என்று அவர் கேட்டார்.

"இங்கிலீசு எனக்குத் தெரியாதுங்க. ஆனா சுருள்ல நூத்தி நாப்பது ஸ்டிக்கருதான் இருந்துச்சு. செகப்பும் நூத்தி நாப்பது பொட்டி. சரக்கைக் கண்ணுலயே பாக்காம, நூத்தி நாப்பது பொட்டி அழுகும்னு அவங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

ஜெகதீஸ்வரன் உரிப்பதை நிறுத்தச் சொன்னார். பிறகு ஒரு ஸ்டிக்கரைப் படம் எடுத்து, ஆர்டர் பிடித்துத் தந்த கரூர் ஏஜென்டுக்கு அனுப்பினார். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. ஜெர்மன் பாஷையில் அது சிவப்பு. வெள்ளைப் பெட்டியில் இருந்தது ஆளின் பெயர் இல்லை, வெள்ளை என்பதற்கான வார்த்தைதான். இங்கிலீஷ் அழுகலுக்கும் ஜெர்மன் சிவப்புக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, எழுத்துதான் ஒன்று.

ஸ்டிக்கர் கிழிந்துபோன பெட்டிகளில் சௌந்திரம் மார்க்கரை எடுத்துத் தானே அந்த மூன்று எழுத்தையும் எழுதினாள். அச்சடித்ததுபோல இருந்தது. பொழுது சாய்வதற்குள் கன்டெய்னர் கிளம்பிவிட்டது. ரமேஷ்குமார் வந்து, தப்பு என்னுடையதுதான் அக்கா என்றான். படித்தவன் ஒருவன் அப்படி ஒத்துக்கொண்டது அவளுக்குப் பிடித்திருந்தது.

கந்தவேலுக்குப் போனில் இதைச் சொன்னபோது அவன் சிரித்துவிட்டான். முதல்முறை வடக்கே போனபோது சந்தையில் ஒருத்தன் கூடையைக் காட்டி "ஆம், ஆம்?" என்று கேட்டானாம். ஆமாவா என்று கேட்கிறான்போல என்று இவனும் "ஆமா, ஆமா" என்றிருக்கிறான். இந்தியில் ஆம் என்றால் மாம்பழம். ரிக் வண்டியில் இருந்தவர்கள் எல்லாரும் மூன்று நாள் மாம்பழமே தின்றார்கள்.

அதன்பிறகு கம்பெனியில் அந்த மூன்று எழுத்து எல்லாருக்கும் பாடமாகிவிட்டது. சிவப்பு நூல் வந்தால்கூட அதைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

கார்த்திகையில் நெதர்லாந்திலிருந்து ஒரு படம் வந்தது. ஐப்பசியில் அனுப்பிய சமையலறைத் துண்டுப் பெட்டிகள் முப்பதை ஒரு கிடங்கில் தனியாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் கறுப்பு மையால் ஆர், ஓ, டி என்று எழுதியிருந்தார்கள். கூட விளக்கம் எதுவும் இல்லை. ரமேஷ்குமாருக்கு இந்தமுறை அந்த எழுத்தின் அர்த்தத்தில் சந்தேகமில்லை. சிவப்புத் துண்டு கலந்துவிட்டதாகச் சொல்கிறார்கள், நாம் அனுப்பியது அத்தனையும் நீலக்கட்டம்தான் என்று பதில் எழுத உட்கார்ந்தான். எதற்கும் கேட்டுவிடலாம் என்று சௌந்திரத்தைக் கூப்பிட்டான்.

அவளும் முதலில் சிவப்பு என்றுதான் படித்தாள். பிறகு கேட்டாள்.

"ஏனுங்க தம்பி, இவங்க ஜெர்மனிக்காரங்களா?"

இல்லை, பக்கத்து நாடு, பாஷை வேறே என்றான். அவள் படத்தைப் பெரிதாக்கச் சொன்னாள். திறந்திருந்த ஒரு பெட்டியில் துண்டின் மடிப்போரமாகச் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக இருந்தது. அவள் கம்பெனிக் கிடங்குக்குப் போய், அதே சரக்கில் மீந்திருந்த நான்கு பெட்டியில் ஒன்றைப் பிரித்தாள். பூசண வாடை முகத்தில் அடித்தது.

அவளுக்கு அந்த வாரம் ஞாபகம் வந்தது. விடாமல் மழை. உலர்த்தும் இடத்திலிருந்து வந்த துண்டு கைக்குக் குளிர்ச்சியாக இருந்தது. மழைக் குளிர்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு மடிக்க விட்டிருந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் உலர்த்துகிற பிரிவைக் கைகாட்டியிருக்கலாம். அவள் துண்டை எடுத்துக்கொண்டு நேராக ஜெகதீஸ்வரன் அறைக்குப் போனாள்.

"அவங்க எழுதுனது அழுகல்தானுங்க. ஈரத்தோட கட்டியிருக்குது. அந்த வாரம் பேக்கிங் என் கையில இருந்துச்சு. குளிர்ச்சியா இருந்தது தெரிஞ்சும் உட்டுட்டேனுங்க."

ரமேஷ்குமார் போனில் தேடிப் பார்த்தான். நெதர்லாந்துப் பாஷையில் அழுகல்தான். எழுதி வைத்திருந்த பதிலை அழித்துவிட்டு, தவறை ஒப்புக்கொண்டு முப்பது பெட்டிக்கும் மாற்றுச் சரக்கு அனுப்புவதாக எழுதினான். ஜெகதீஸ்வரன் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இனி என்ன செய்யலாம் சொல் என்றார். அதை அவள் யோசித்துக்கொண்டே வந்திருந்தாள். மழை நாளில் உலர்த்தி வந்த துண்டை ஒரு ராத்திரி மின்விசிறிக்கடியில் விரித்துப் போட வேண்டும். பேக்கிங் மேஸ்திரி தொட்டுப் பார்த்துச் சரி என்று சொல்லாமல் ஒரு பெட்டியும் மூடக்கூடாது, கப்பலே காத்திருந்தாலும் சரி. அவர் ஒத்துக்கொண்டார்.

வீட்டில் நிலா இதைக் கேட்டுவிட்டு, தானும் தேடிப் பார்த்தாள். ஸ்வீடன் பாஷையில் அதே மூன்று எழுத்துக்கு வேர் என்று அர்த்தமாம். சௌந்திரம் குழம்பைக் கிளறிக்கொண்டே, அந்த ஊர் ஆர்டர் இன்னும் வரவில்லை, வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

தை பிறந்ததும் நெதர்லாந்திலிருந்து சரக்கைப் பார்க்க ஒரு அம்மாள் நேரிலேயே வந்தார். உயரமானவர், அதிகம் பேசவில்லை. சௌந்திரம் புதுப்பெட்டி ஒன்றைப் பிரித்து, நடுவிலிருந்து ஒரு துண்டை உருவிக் கொடுத்தாள். அவர் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார், மோந்து பார்த்தார். பிறகு வரிசையைத் தாண்டிப் போய், தானே கை நீட்டி வேறு ஒரு பெட்டியைக் காட்டினார். அதையும் பிரித்தாள். இப்படிப் பதினொரு பெட்டி. ஒன்றிலும் ஈரமோ வாடையோ இல்லை. கடைசியில் அந்த அம்மாள் துண்டை மடிக்கப் போனபோது, மடிப்பு அப்படி இல்லை என்று அவள் வாங்கி, மடித்துக் காட்டினாள். அவர் இன்னொன்றை எடுத்து அதேபோல மடித்தார். ஓரம் சரியாக வரவில்லை. மூன்றாவது தடவை வந்தது.