அழகர் நின்ற மூலை

போன மாதம் மாப்பிள்ளையோடு மனை பார்க்கப் போயிருந்தேன். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற சாலையில், ஊரைத் தாண்டியதும் ஒரு பொட்டலில் கலர்க் கொடி கட்டி, வெள்ளைக் கல் ஊன்றி, ஏதோ ஒரு நகர் என்று பலகை வைத்திருந்தார்கள். கருவேலங்காட்டுக்கு நகர் என்று பேர் வைத்துவிட்டால் மறுநாளே தெருவிளக்கு முளைத்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மனை என் மகளுக்குத்தான். எனக்கு வேண்டியது ஆறடி. அதற்கு ரிஜிஸ்தர் செலவும் கிடையாது.

புரோக்கர் பையன் நல்ல வாய்க்காரன். எல்லாம் விற்றுவிட்டது, ஒன்றே ஒன்றுதான் மிச்சம், அதுவும் கார்னர் பிளாட் என்றான். மாப்பிள்ளை பாங்கில் வேலை பார்ப்பவர், சும்மா விடுவாரா.

"கார்னர்தானே முதல்ல போகும்? இது ஏன் நிக்கிது?"

பையன் தலையைச் சொறிந்தான். "அதான் எனக்கும் புரியலங்க சார். வாஸ்து சுத்தம். ரெண்டு பக்கம் ரோடு. வாரவுக எல்லாம் இங்கிட்டு நின்னே பாக்குறாக. அங்கிட்டுப் போயி நிக்க மட்டும் மாட்டேங்காக."

அப்போது சாலையில் பிண்ணாக்கு லோடு ஏற்றிய லாரி ஒன்று போனது. பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு. அந்த வாடை உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் சொல்லி விளங்காது. எண்ணெயும் புழுதியும் மாட்டுத் தொட்டியும் கலந்த ஒரு வாடை. அது மூக்கில் ஏறியதும்தான் நான் எங்கே நிற்கிறேன் என்பது தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். அந்தக் கார்னர் பிளாட்டை ஒட்டி, பாதி தூர்ந்த கிணறு ஒன்று, ஏற்றம் இறைத்த துலாக்கல்லோடு, அப்படியே இருந்தது.

அறுபதுகளின் கடைசியில் இந்த இடத்தில் ஒரு ஜின்னிங் மில் இருந்தது. கரிசல் காட்டிலிருந்து வண்டி வண்டியாகப் பருத்தி வரும். கொட்டையைத் தனியே பிரித்து, பஞ்சைப் பொதியாக அழுத்திக் கட்டி அனுப்புவார்கள். நான் அங்கே எடை குமாஸ்தா. காற்றில் எந்நேரமும் பஞ்சுத் தூசி பறக்கும். அந்த மில்லில் நான் போட்ட எடைகளைவிடப் போட்ட தும்மல்கள் அதிகம்.

மில்லுக்குப் பின்னால், கிணற்றை ஒட்டி, சடுகுடுக் களம். இப்போது டிவியில் மெத்தை விரித்து ஆடுகிறார்களே, அதற்குத் தாத்தா. ஒருவன் மூச்சை விடாமல் 'சடுகுடு, சடுகுடு' என்று பாடிக்கொண்டே எதிராளி பாதிக்குள் போவான். யாரையாவது தொட்டுவிட்டு, பாட்டு நிற்பதற்குள் நடுக்கோட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். நின்று காக்கிறவர்கள் அவனைப் பிடித்து அமுக்குவார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு மரியாதை உண்டு. சாயங்கால ஆட்டத்தில் வெளியூர்க்காரர்களுக்கு வெயில் முதுகில் அடிக்கிற பாதியைக் கொடுத்துவிட்டு, உள்ளூர்க்காரர்கள் கண்ணில் வெயிலை வாங்கிக்கொண்டு கிழக்குப் பாதியில் நிற்பார்கள். இடைவேளைக்குப் பிறகும் இடம் மாற்றுவதில்லை. விருந்தாளியை வெயிலில் நிறுத்துவதாவது.

மில் அணியில் நானும் பேருக்கு இருந்தேன். யாராவது காலைச் சுளுக்கிக்கொண்டால் என்னை இறக்குவார்கள். என் பாட்டு நடுக்கோட்டைத் தாண்டுவதற்குள் தும்மலில் முடியும். அதனால் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்து பார்த்தேன். பார்ப்பதில் மட்டும் எனக்கு நிகரில்லை என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.

கிழக்குப் பாதியில், கிணற்றுப் பக்கத்து மூலையில் நிற்பவன் அழகர். நரிக்குடிப் பக்கத்துக் கிராமம். பொதி கட்டுகிற இடத்தில் வேலை. உயரமில்லை, பெரிய உடம்புமில்லை. பேச்சு அதைவிடக் குறைவு. நின்று காப்பதோடு சரி, பாடிப் போகிறவனில்லை. ஆடுகிற ஏழு பேருக்கு மட்டும் மில்லில் வருஷம் முழுக்க வேலை. மற்றவர்களை சீசன் முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள். மானாவாரிக் காட்டை நம்பிய சம்சாரிக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அழகருக்குப் பெண்டாட்டியும் இரண்டு பெண் குழந்தைகளும் இருந்தார்கள்.

முதலாளியின் மச்சினர் ரத்தினசாமி காலேஜில் படித்துவிட்டு வந்து அணியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அதுவரை அணியில் யார் இருப்பது என்பதை மேஸ்திரிக்கு யார் வெற்றிலை மடித்துக் கொடுக்கிறார்கள் என்பது தீர்மானித்தது. இவர் அதை மாற்றினார். ஆளுக்கொரு கொட்டாங்கச்சியைக் கோட்டோரம் வரிசையாக வைத்தார். எதிராளியைத் தொட்டுவிட்டு வந்தவனின் கொட்டாங்கச்சியில் ஒரு பருத்திக்கொட்டை. பிடித்து அமுக்கினாலும் ஒரு கொட்டை.

"கண்ணு பொய் சொல்லும் தம்பி" என்பார் என்னிடம். "கண்ணுக்கு வேண்டியவன் வேண்டாதவன்னு உண்டு. கொட்டைக்குச் சாதி சனம் கிடையாது."

அவர் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. அந்தக் கொட்டையால்தான் மேஸ்திரியின் சொந்தக்காரச் சோம்பேறிகள் இரண்டு பேர் வெளியே போனார்கள். எனக்கும் ரொம்பச் சந்தோஷம். ஆனால் அழகரின் கொட்டாங்கச்சி ஒவ்வொரு ஆட்டத்திலும் காலியாகவே இருந்தது.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஆட்டம் தொடங்குமுன் பக்கத்து டீக்கடை அடுப்புச் சாம்பலால் கோடு போடுவோம். ஆட்டம் முடியும்போது களம் முழுக்க அந்தக் கோடு மிதிபட்டு அழிந்துபோயிருக்கும். அழகரின் மூலையில் மட்டும் போட்டது போட்டபடி இருக்கும். பறந்து வந்த பஞ்சுகூட அங்கே கலையாமல் படிந்து கிடக்கும். பாடி வருகிறவன் எவனும் அந்தப் பக்கம் போவதில்லை. வீராவேசமாகக் கிளம்புவான், பாதி தூரத்தில் ஏதோ நினைத்துக்கொண்டவன்போல மற்ற மூலைக்குத் திரும்பிவிடுவான். அங்கே காத்திருக்கும் எங்கள் ஆட்களிடம் மாட்டுவான். அவர்கள் கொட்டாங்கச்சியில் கொட்டை விழும்.

ஏன் என்று தெரிந்துகொள்ள ஒருநாள் பயிற்சியில் நானே அவன் பக்கம் பாடிக்கொண்டு போனேன். எல்லோரும் எதிராளியின் காலைப் பார்ப்பார்கள், கையைப் பார்ப்பார்கள். அழகர் என் வாயைப் பார்த்தான். அவன் உதடும் சத்தமில்லாமல் சடுகுடு பாடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் யார் பாட்டை யார் பாடுகிறோம் என்று எனக்குக் குழம்பிவிட்டது. பிறகு அவன் உதட்டை மூடினான். என் பாட்டு நின்றுவிட்டது. நெஞ்சு நிறைய மூச்சு இருந்தது, குரல் வரவில்லை. பட்டப்பகல், சுற்றி ஆட்கள் இருந்தார்கள், ஆனாலும் திரும்பிப் பார்க்காமல் நடுக்கோட்டுக்கு ஓடி வந்துவிட்டேன். அன்றைக்குத் தும்மல்கூட வரவில்லை.

நான் ரத்தினசாமியிடம் போய், வருகிறவனைப் பிடித்தால்தானா கொட்டை, வராதவனுக்கும் ஒரு கொட்டை போட்டுப் பாருங்கள் என்றேன். மனிதர் நியாயஸ்தர். அடுத்த ஆட்டத்தில் போட்டுப் பார்த்தார். பாடி வந்தவன் அந்த மூலையை விட்டுத் திரும்பும்போதெல்லாம் ஒரு கொட்டை. கொட்டாங்கச்சி நிரம்பியது. வழிந்தது. இன்னொரு கொட்டாங்கச்சி கேட்டார், அதுவும் நிரம்பியது. ஆட்டம் முடிந்ததும் இரண்டையும் எடுத்துக் கவிழ்த்துவிட்டு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். முகம் சரியாக இல்லை.

"வராததை எண்ணக் கூடாது தம்பி. அப்படி எண்ண ஆரம்பிச்சா எங்க கொண்டுபோயி நிப்பாட்டுறது?"

அந்த வருஷம் மழை பொய்த்தது. பருத்தி வரத்துப் பாதியானது. ஏழு பேரில் ஒருவரைக் குறைக்க வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். வேலைக்கு ஆறு பேர், ஆட்டத்துக்கு ஏழாவதாகக் கிடைக்கிற எவனையாவது நிறுத்திக்கொள்ளலாம் என்று. எங்களையே இரண்டாகப் பிரித்து ஒரு ஆட்டம் வைத்தார் ரத்தினசாமி. அதில் ஒரு கொட்டை விழுந்தால் போதும், அழகரை வைத்துக்கொள்வேன் என்று அவரே சொன்னார்.

பாடிப் போவதில் எங்களில் கெட்டிக்காரன் சேவுகன். அழகரின் ஊர்க்காரன், கூடப்பிறக்காத குறைதான். ஆட்டத்துக்கு முன்னால் கிணற்றடியில் அழகர் அவனிடம் கேட்டதை நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏலே, ஒரே ஒரு தடவ எங்கிட்ட வாலே. சும்மா வந்து பிடிபடு. ஒரு கொட்டை விழுகட்டும்."

"வாரேன். இதுக்குப் போயிக் கேக்கணுமா."

அழகர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தான். "இத்தன வருசமா அங்கன நிக்கிறேன். ஒருத்தனாச்சும் வந்தாத் தேவலை" என்றான்.

சேவுகன் முதல் ஆளாகப் பாடிக்கொண்டு போனான். நேராக அழகரைப் பார்த்துத்தான் போனான். அழகரும் இரண்டு கையையும் விரித்து, வா வா என்பதுபோலச் சிரித்துக்கொண்டு நின்றான். சேவுகனின் பாட்டைத் தானும் பாடிவிடக் கூடாதே என்று உதட்டை முதலிலிருந்தே இறுக மூடிக்கொண்டுகூட நின்றான், பாவம். பாதி தூரத்தில் சேவுகன் திரும்பிவிட்டான். மறுபடி போனான், மறுபடி திரும்பினான். மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு ஓடினான். கண்ணைத் திறந்தபோது எதிர் மூலையில் நின்றான். யாரும் சிரிக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் சேவுகன் களத்திலேயே உட்கார்ந்து தன் காலைத் தானே குத்திக்கொண்டான்.

"போகத்தான் போனேன். காலு வரலையே."

காலிக் கொட்டாங்கச்சியைப் பார்த்துக்கொண்டே ரத்தினசாமி விஷயத்தைச் சொன்னார். அழகர் கோபப்படவில்லை. "அப்ப அந்த மூலையில யாரு நிக்கிறது?" என்று மட்டும் கேட்டான். யாராவது நிற்பார்கள் என்றார் இவர். "சரி மொதலாளி. நின்னாச் சரி" என்று சொல்லிவிட்டு, தோளில் கிடந்த பஞ்சைத் தட்டிக்கொண்டு போனான்.

அந்த மூலையில் ஒரு புதுப் பையனை நிறுத்தினோம். கூட்டம் கூட்டமாக வந்தார்கள் அவனிடம். பையனும் நிறையப் பேரைப் பிடித்தான். அவன் கொட்டாங்கச்சியைப்போல அந்தக் களத்தில் யாருக்கும் நிறைந்ததில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் தோற்றோம். பிடித்தது போக மிச்சம் வந்தவர்கள் எல்லோரும் தொட்டுவிட்டுப் போனார்கள். ரத்தினசாமி அந்த நிறைந்த கொட்டாங்கச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, கணக்குத் தப்பாகப் போட்ட பிள்ளைபோல உட்கார்ந்திருப்பார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

கடைசியில் அவரே சைக்கிளை எடுத்துக்கொண்டு அழகரைக் கூப்பிடப் போனார், என்னையும் பின்னால் உட்காரவைத்து. வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு அம்மா வாசலில் குதிரைவாலி புடைத்துக்கொண்டிருந்தார்.

"இங்கனதான் இருந்தாக. எப்பப் போனாகன்னு தெரியல. பஸ்ஸேறுனதையும் யாரும் பாக்கலைங்கிறாக."

புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். சட்டி பானையோடு நாலு பேர் ஒரு சின்ன ஊரைவிட்டுப் போனதை ஒருத்தரும் பார்க்கவில்லை. தூத்துக்குடி உப்பளத்துக்குப் போயிருப்பான் என்றார்கள். சேவுகன் அங்கேயும் போய்த் தேடிவிட்டு வந்தான். ஒரு தகவலும் இல்லை.

அதற்குப் பிறகு வீரசோழன் பக்கத்திலிருந்து ஒரு அணி வந்தது. அன்றைக்குப் பார்த்துப் புதுப் பையனுக்குக் காய்ச்சல். என்னை இறங்கச் சொன்னார்கள். நானும் துண்டை இடுப்பில் கட்டினேன். ரத்தினசாமி என்ன நினைத்தாரோ, வேண்டாம், ஆறு பேரே நிற்கட்டும் என்றார். மூலை காலியாக இருந்தது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர்களில் முதலில் வந்தவன் நல்ல வாட்டசாட்டமான ஆள். காலி மூலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பாடி வந்தான். பாதி தூரத்தில் சிரிப்பு நின்றது. மற்ற மூலைக்குத் திரும்பிவிட்டான். அடுத்து வந்தவனும் அப்படித்தான். கடைசிவரை ஒருவனும் அங்கே கால் வைக்கவில்லை. நாங்கள் ஜெயித்தோம். சாம்பல் கோடு போட்டது போட்டபடி கிடந்தது. ரத்தினசாமி கையில் வைத்திருந்த கொட்டைகளைக் கிணற்றில் போட்டார். அதோடு கொட்டாங்கச்சி வைப்பதை விட்டுவிட்டார்.

எழுபதுகளில் மில்லை மூடினார்கள். நான் மதுரைக்கு வேறு வேலையில் போனேன். இப்போது சேவுகனும் இல்லை, ரத்தினசாமியும் இல்லை. எங்கள் பக்கம் பருத்தி போடுகிறவர்களே குறைந்துபோனார்கள். சடுகுடு மட்டும் பேர் மாறி டிவிக்குப் போய்விட்டது. யார் எத்தனை பேரைப் பிடித்தார்கள் என்று கீழே எண் ஓடுகிறது. நான் அந்த எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு பார்ப்பேன். வீட்டில் கேலி செய்வார்கள்.

இதையெல்லாம் மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல், நெருஞ்சியை மிதித்துக்கொண்டு கார்னர் பிளாட்டுக்குள் போய் நின்றேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் எந்தக் காலத்திலும் எதிராளி இல்லையே. காற்று நின்றிருந்தது. மேற்கே திரும்பி, அழகர் நிற்கிற மாதிரியே வெயிலைப் பார்த்து நின்றேன். மேய்ந்துகொண்டிருந்த சில ஆடுகள் வெள்ளைக் கல் வரைக்கும் வந்து திரும்பிப் போயின. மாப்பிள்ளை பின்னாலேயே வந்துகொண்டிருந்தவர், அந்தக் கல்லருகே நின்றுவிட்டார்.

அழகர் ஒவ்வொரு சாயங்காலமும் என்ன பார்த்தான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. முகம் நம்மை நோக்கி வரும். அப்புறம் முதுகுதான் தெரியும்.

"வாங்க மாப்ளே, இங்கன வந்து நின்னு பாருங்க" என்றேன்.

"இருக்கட்டும் மாமா. இங்கிருந்தே நல்லாத் தெரியுது."

இன்னொரு தடவையும் கூப்பிட்டேன். அவர் கார் இருந்த பக்கம் திரும்பி நடந்துவிட்டார்.