மகாராணிக்கு வால் முளைத்த வீடு

வானவில்லுக்கு ஏழு நிறம் என்று கண்டுபிடித்தவர் எங்கள் அத்தையின் முழங்கையைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் எண்ணி முடிக்காமலே செத்திருப்பார். ஆகாயத்துக்கு நீலம் அடிக்கிற வேலையை அத்தையிடம் விட்டிருந்தால் மேகமெல்லாம் இப்படித் திட்டுத் திட்டாக நின்றிருக்காது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அத்தை பெயின்டர். ஏணியும் பக்கெட்டும் சைக்கிளில் முன்னே போகும், அத்தை பின்னாலேயே தெரிவாள். வாடகைக்குக் குடியிருப்பது புறநகர் ரயில் பாதையை ஒட்டிய பழைய ஓட்டு வீட்டில். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, உள்ளே நுழையும்போது எல்லார் தலையையும் பதம் பார்க்கிற ஒரு நிலைப்படி. எங்கள் வீடு அடுத்த தெரு. ஆனால் என்னைத் தேடுகிறவர்கள் யாரும் அங்கே போவதில்லை.

வீட்டுக்காரர் போன் பண்ணினார். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பாராம். மனசுக்குத் தோன்றினால் இடித்துவிட்டு மாடி வீடு கட்டுவாராம். இடித்தால் அத்தை வேறு ஊரில் இருக்கிற சித்தப்பா வீட்டுக்குப் போய்விடுவாள்.

"நல்லா பளபளன்னு அடிச்சு வெச்சா இடிக்க மனசு வராதுடா" என்று சுரண்டியை எடுத்தாள். முன்னறைச் சுவரில் சந்தன நிறம் உதிர்ந்தது. அடியில் வேறொன்று. அத்தை நின்றுவிட்டாள்.

"இங்க வாடா. இந்த வீட்டுல யார் யார் இருந்தாங்கன்னு சொல்றேன்."

"சுவர் சொல்லுச்சா?"

"உன்னை மாதிரி புளுகாது, சொல்லும். எல்லாத்துக்கும் அடியில நீலம் தூக்கலா கலந்த சுண்ணாம்பு. லாண்டரிக்காரர் யாரோ இருந்திருக்கார், நீலத்துக்கு அவருக்கு என்ன பஞ்சம்? அதுக்கு மேல இந்தப் பச்சை ரயில் பெட்டிப் பச்சை. கடையில கிடைக்காது. வேலை செஞ்ச இடத்துலேர்ந்து டப்பாவோட நடந்து வந்திருக்கு."

"அந்த ரோஸ்?"

அத்தை இன்னும் கொஞ்சம் சுரண்டினாள். ரோஸ் என் தலைக்குச் சற்று மேலே வரை வந்து, கோணல்மாணலாக நின்றது. அதற்கு மேலே பச்சைதான்.

"இது குள்ளமான ஆள். ஏணி கிடையாது. கேட்டு வாங்கவும் மனசில்லை."

எனக்கு இதெல்லாம் போதாது என்று பட்டது. லாண்டரியும் ரயிலும் குள்ளமும் இருந்தால் எவன் வீட்டை விட்டுவைப்பான்? சனிக்கிழமை அத்தை சுவரைப் பாதியில் விட்டுவிட்டு வேலைக்குப் போனதும், மிச்சமிருந்த கறுப்பு பெயின்டில் பிரஷை முக்கி அந்த ரோஸ் மேல் பழங்கால எழுத்து மாதிரி வளைத்து வளைத்து ஒரு வரி எழுதிவைத்தேன். காய்ந்ததும், அத்தை கண்ணில் படாமல் இருக்க ஒரு பழைய போர்வையை அதன் மேல் தொங்கவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வந்தார். அத்தை வாசலுக்குப் போன நேரத்தில் போர்வையை உருவிவிட்டேன். நிலைப்படியில் முறையாக இடித்துக்கொண்டார். கூரையைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். பிறகு சுவரைப் பார்த்து உரக்கப் படித்தார்: "இங்கே ஒரு மகாராணி வால்ந்தார்."

அத்தையின் பார்வை என் முதுகில் குத்தியது. நான் கூரையில் பல்லியைத் தேடுகிற மாதிரி நின்றேன்.

வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "எங்கப்பா எங்கம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார். இது... அவர் எழுதினதாம்மா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும், வீடு தப்பிக்கும். அத்தை தொண்டையைச் செருமினாள். சொல்லு, சொல்லு என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

"இல்ல சார். இது நான் போன வாரம் கடை ஷட்டருக்கு அடிச்ச பெயின்ட். எழுத்து பொய். ஆனா அந்த ரோஸ் நிஜம். கை எட்டுற வரைக்கும்தான் இருக்கு, பாருங்க."

அவர் அந்தக் கோணல் விளிம்பைத் தடவினார். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார்.

"அம்மாவேதான்! அப்பா ரயில்வேல இருந்தார். அவர் அடிச்ச பச்சையை அம்மாவுக்குக் கண்ணெடுத்துப் பார்க்கப் பிடிக்காது. அவர் டியூட்டிக்குப் போன நேரத்துல, எட்டின வரைக்கும் ரோஸ் அடிச்சிட்டா. அப்பா வந்து பார்த்துட்டு, 'சரி மகாராணி, மேல என் ராஜ்ஜியம், கீழ உன் ராஜ்ஜியம்'னு விட்டுட்டார். நான் மறந்தே போயிட்டேம்மா."

அண்ணாந்து கூரையை இன்னொரு தரம் பார்த்தார். "ஓடு மட்டும் மாத்திக்கலாம். நீங்க இங்கேயே இருங்க. ஆனா இந்தச் சுவர் இப்படியே இருக்கட்டும், பெயின்ட் அடிச்சிராதீங்க."

பாதி சுரண்டின சுவரை அப்படியே விடச் சொன்னால் ஒரு பெயின்டருக்கு எப்படி இருக்கும்? அத்தை சாப்பாட்டைப் பாதியில் பிடுங்கினது மாதிரி முழித்தாள். பிறகு அவளும் சிரித்துவிட்டாள். வீட்டுக்காரர் போகும்போதும் நிலைப்படியில் இடித்துக்கொண்டு, அதற்கும் சிரித்தார்.

கதவைச் சாத்தியதும் அத்தை பென்சிலை நீட்டினாள்.

"யார் எழுதினது?"

"லாண்டரிக்காரரா இருக்கும்."

"சரி. இந்தத் தாள்ல 'எழுது'ன்னு எழுது."

எழுதினேன்: எலுது.

"மகாராணிக்கு வால் முளைச்சது இப்படித்தானா? எழுதினதே ஒரு வாலு, அப்புறம் எப்படி இருக்கும்!" உப்புத்தாளை என் கையில் திணித்தாள். "தேய். ரோஸ் போகாம தேய்." நான் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டாள்: "ஏன்டா, அத்தை ஊரை விட்டுப் போயிடுவேன்னு பயந்துட்டியா?"

"சேச்சே. உன் வீட்டு டிவியில படம் நல்லாத் தெரியும், அதான்."

"என் வீட்டுல டிவியே இல்லையேடா."